29 மெகாஹேர்ட்ஸில் கொட்டாஞ்சேனை

எங்கட வீடுகளில் றேடியோ எப்பவும் இருந்தது. பேசுகிற றேடியோதான் இருந்ததில்லை.

கேட்கிற விஷயத்தில் எங்கட ஆக்களை வெல்ல ஆளில்லை. 1923இல் எட்வர்ட் ஹாப்பர் என்ற பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிப் பாகங்களை வைத்து ஒரு ஒலிபரப்பியைக் கட்டி, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் இருந்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இந்த நாட்டின் ஒலிபரப்பே பழைய சாமானைப் பிரித்து மாத்திக் கட்டினதில் பிறந்ததுதான். பிறகு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாடே சிற்றலையில் கேட்டது. 90களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். அப்போதும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் வந்த கரண்டில் செய்தி கேட்டார்கள் எங்கட பெரியாக்கள்.

அனுப்புகிற பெட்டி வேற கதை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த எங்களுக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுற்றிவளைப்பு, பொலிஸ் பதிவு, லொட்ஜ் சோதனை. 2007 ஜூன் 7ஆம் திகதி 370க்கு மேற்பட்ட தமிழர்களை கொழும்பு லொட்ஜ்களில் இருந்து பஸ்ஸில் ஏத்தி அனுப்பினார்கள். அடுத்த நாள்தான் உயர் நீதிமன்றம் தடுத்தது. அப்படியான ஒரு நகரத்தில், ஒரு தமிழ் வீட்டு அலுமாரிக்குள் மைக் பூட்டின ஒரு வயர்லெஸ் செட் இருந்தால் அதுக்கு என்ன விளக்கம் சொல்லமுடியும்? லைசென்ஸோடு இயங்கிய அமெச்சூர் வானொலிக்காரர் ஒருசிலர் அந்தக் காலத்திலும் நாட்டில் இருந்தார்கள். எங்கட தெருக்களில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க ஆருக்கும் துணிவில்லை.

ஆகவே கொட்டாஞ்சேனையில் ஒரு அங்கிள் லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய சிபி செட்டை மாத்தப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் நாங்கள் நாலு பேர் போய் நின்றோம். அவர் யாழ்ப்பாணத்தில் றேடியோ திருத்தப் பழகி, கொழும்பில் வந்து அதே தொழிலில் கிழவனானவர். யுத்தம் முடிந்து பல வருஷத்துக்குப் பிறகு, பேரப்பிள்ளைகளின் வயசுக்காரரோடு சோதனை மண்டபத்தில் இருந்து அமெச்சூர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினார்.

சிபி என்றால் சிட்டிசன்ஸ் பாண்ட். அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹேர்ட்ஸில் சாதாரண சனத்துக்கென்று திறந்துவிட்ட அலைவரிசை. முதல் 23 சானல். 1977 ஜனவரியில் இருந்து 40 சானல். முதலாவது 26.965, கடைசி 27.405 மெகாஹேர்ட்ஸ். லொறிக்காரர் பேசுகிறது 19ஆம் சானலில், அதாவது 27.185. ஏஎம்மில் 4 வாட்தான் அனுமதி. பக்கத்து இந்தியாவில் 26.957 தொடக்கம் 27.283 வரை 5 வாட்டுக்குள் லைசென்ஸ் இல்லாமலே பாவிக்கலாம். இங்கே 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்க தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி வானொலிக் கருவிக்கு அனுமதி வேணும். அங்கிளின் லைசென்ஸ் அமெச்சூர் அலைவரிசைக்கு. அதில் 10 மீற்றர் பாண்ட் 28இல் தொடங்கி 29.7 மெகாஹேர்ட்ஸ் வரை போகும். சிபி செட்டை 2 மெகாஹேர்ட்ஸ் மேலே தூக்கினால் அதன் 40 சானலும் 28.965க்கும் 29.405க்கும் நடுவில் வந்து விழும். சட்டத்துக்கும் சரி, 10 மீற்றரில் ஏஎம் பேசுகிறவர்கள் கூடுகிற 29.0–29.2க்கும் சரி.

செட்டைத் திறந்ததும் அங்கிள் ஒன்றையும் தொடவில்லை. ஒரு பழைய ட்ரான்சிஸ்டர் றேடியோவை எடுத்து எங்களுக்கு முன்னால் வைத்தார். உள்ளே தகரத் தொப்பி போட்ட நாலு சின்னப் பெட்டி. தலையில் நிறம்.

“சிவப்பு ஒசிலேட்டர். மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூண்டும் ஐஎஃப். சப்பான்காரன்ர செட்டெண்டாலும் சீனாக்காரன்ர செட்டெண்டாலும் அநேகமா இதுதான். முதல் இதப் பழகுங்கோ. சிபி ஓடாது.”

நாங்கள் விளங்கிக்கொண்டதை எங்கட பாஷையில் சொல்கிறோம். ஒரு கொயிலும் ஒரு கொண்டென்சரும் சேர்ந்தால் அதுக்கென்று ஒரு சுருதி. கொயிலுக்கு நடுவில் இருக்கிற ஃபெரைட் கோரை உள்ளே இறக்கினால் சுருதி குறையும், வெளியே எடுத்தால் கூடும். 47 பிக்கோபாரட் கொண்டென்சர் 27.185 மெகாஹேர்ட்ஸில் அதிரவேண்டும் என்றால் கொயில் ஏறத்தாழ 0.73 மைக்ரோஹென்றி இருக்கவேண்டும். அதில் வெறும் 2 வீதம் மாறினால் சுருதி 1 வீதம் மாறும். 27 மெகாஹேர்ட்ஸில் 1 வீதம் என்றால் 270 கிலோஹேர்ட்ஸ். சானலுக்கும் சானலுக்கும் 10 கிலோஹேர்ட்ஸ்தான் இடைவெளி. கோர் ஒரு சுற்று அசைந்தாலே செட்டின் காது எங்கேயோ போய்விடும்.

உள்ளே வருகிற சிக்னலை அப்படியே பெருக்கிறது கஷ்டம். அதனால் செட் அதை இரண்டு படியில் கீழே இறக்கும். முதல் 10.695 மெகாஹேர்ட்ஸ், பிறகு 455 கிலோஹேர்ட்ஸ். கணக்கு எவ்வளவு நேர்த்தி பாருங்கோ: 19ஆம் சானலுக்கு உள்ளே 16.490 ஓடும், 27.185இல் இருந்து அதைக் கழித்தால் 10.695. அதில் இருந்து 10.240 படிகத்தைக் கழித்தால் 0.455. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகவியலில் இந்தக் கழித்தல் இருந்தது. அது ஒரு தகரப் பெட்டிக்குள் உயிரோடு நடக்கிறதை இப்பதான் பார்த்தோம்.

இடம் மாத்துறதுக்கு முதல் அலைன்மென்ற். செட் ஏற்கெனவே சரியாகக் கேட்காவிட்டால், அதை மாத்தி என்ன பிரயோசனம்? எங்கட செட்டை முன்னம் ஆரோ கைவைத்திருந்தார்கள். ஒரு கோரின் தலை பிளந்து கிடந்தது. இரும்பு ஸ்குரூ டிரைவர் விட்டுத் திருகின வேலை. ஃபெரைட் கண்ணாடி மாதிரி. பலமாகத் திருகினால் உடையும். அதோடு, இரும்பை உள்ளே விட்ட உடனேயே கொயிலின் அளவு மாறும். அந்த நிலையில் சரிக்கட்டி, இரும்பை வெளியே எடுத்தால் எல்லாம் பழையபடி பிழை. அங்கிளின் ஆயுதம் பிளாஸ்டிக் பின்னல் ஊசி. நுனியை அரத்தால் தட்டையாக்கி வைத்திருக்கிறார். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இதுக்கென்றே கருவி வாங்கலாம். அவருக்கு ஊசிதான் கைக்கு வரும்.

மெழுகில் ஒட்டிக்கிடந்த கோர்களை தலைமயிர் காயவைக்கிற ட்ரையரின் மெல்லிய சூட்டில் இளக்கினோம். உடைந்ததுக்குப் பதில் இன்னொரு செத்த செட்டில் இருந்து எடுத்தோம். இரண்டு ஐஎஃப் பெட்டிக்குள் அடியில் இருக்கிற சின்னக் கொண்டென்சர் கறுத்துப்போய் இருந்தது. உப்புக்காத்து. மரைன் டிரைவ் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு ஃபிரிஜ்ஜும் யன்னல் கம்பியும் துருப்பிடிக்கிறது தெரியும். றேடியோவுக்குள்ளும் அதே கடல்தான் போகிறது.

பிறகு வேலை இந்த ஒழுங்கில் நடந்தது. செட்டை 20 நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கினோம். சிக்னல் ஜெனறேட்டரை 19ஆம் சானலில் வைத்தோம், அதில் 1 கிலோஹேர்ட்ஸ் விசில். பின்னால் இருந்து முன்னுக்கு வரவேண்டும்: முதல் 455 பெட்டிகள், பிறகு 10.695, கடைசியாக அன்ரனாப் பக்கக் கொயில். ஒவ்வொன்றையும் முள்ளு உச்சிக்குப் போகும்வரை திருப்பி, கொஞ்சம் தாண்டி, திரும்பி வந்து நிறுத்தவேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம். செட்டுக்குள் ஏஜிசி என்று ஒன்று இருக்கிறது. பலமான சிக்னல் வந்தால் அது தானாகக் குரலைக் குறைக்கும். ஜெனறேட்டரில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு திருப்பினால் உச்சி எது, சரிவு எது என்று தெரியாது. முள்ளு சும்மா நிற்கும். ஆகவே ஒவ்வொரு முறை செட் நல்லாக் கேட்கத் தொடங்கும்போதும் சிக்னலை இன்னும் குறைக்கவேண்டும். இரைச்சலுக்குள் விசில் மூழ்கியும் மூழ்காமலும் இருக்கிற இடம்தான் வேலை செய்கிற இடம்.

“முள்ள மட்டும் பாக்காதையுங்கோ பிள்ளையள். கண்ண மூடிக் கேளுங்கோ. இரைச்சலுக்குள்ள இருந்து அவன் வெளியில வருவான்.”

எங்களில் ஒருத்தி சங்கீதம் படிக்கிறவள். அவளுக்குத்தான் முதல் பிடிபட்டது. தம்புராவுக்குச் சுருதி கூட்டுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஊசியைத் திருப்பினாள். அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை, ஜெனறேட்டரைக் குறைத்துக்கொண்டே போனார். அவருக்கு இப்ப மெல்லிய விசில்கள் கேட்கிறதில்லை என்று பிறகுதான் சொன்னார். வயசு. “என்ர காது ரிட்டயர்” என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

19ஆம் சானலில் சரிவந்தால் போதாது. 1க்கும் 40க்கும் போய்ப் பார்க்கவேண்டும். ஒரு முனை கூர்மையாகக் கேட்டு மற்ற முனை செவிடாக இருந்தால் முன்பக்கக் கொயில்களில் ஒன்றைக் கொஞ்சம் கீழேயும் ஒன்றைக் கொஞ்சம் மேலேயும் தள்ளி இரண்டு முனைக்கும் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும்.

அதுக்குப் பிறகுதான் மாத்துற வேலை. சானலைத் தீர்மானிக்கிற படிகத்தை மாத்தினோம். உள்ளே 16.490 ஓடின இடத்தில் 18.490 ஓடவேண்டும், அந்த ஒசிலேட்டரின் கோரையும் திருப்பிப் புது இடத்தில் பூட்டவைத்தோம். 10.695ஐயும் 455ஐயும் தொடத் தேவையில்லை, அவை முன்னம் சரிக்கட்டினபடியே கிடக்கும். முன்பக்கம் மட்டும் 27.185இல் இருந்து 29.185க்கு ஏறவேண்டும். கணக்குப் பார்த்தால் கொயிலின் அளவு ஏறத்தாழ 13 வீதம் குறையவேண்டும். ஒரு கொயிலில் கோரை முழுக்க வெளியே எடுத்தும் போதவில்லை. 47 பிக்கோபாரட்டைக் கழற்றி 39 போட்டு, மிச்சத்தைக் கோரால் சரிக்கட்டினோம். அனுப்புகிற பக்கத்தை அன்ரனாவில் பூட்டாமல், 50 ஓம் டம்மி லோட்டில் பூட்டி அங்கிள் தானே சரிபார்த்தார். அதுக்குள் போகிற சக்தி சூடாகிப் போகும், காற்றில் ஏறாது. லைசென்ஸ் அவருடையது, கை அவருடையது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மொடிஃபை என்று சொன்னதும் நிறையப் பேருக்கு ஞாபகம் வருகிறது வேறொன்று: சக்தியைக் கூட்டுறது. குரல் எல்லை தாண்டாமல் தடுக்கிற லிமிட்டரை வெட்டிவிடுறது, கடைசி ட்ரான்சிஸ்டரைப் பிழிந்து 4 வாட்டை 8 ஆக்கிறது. நாங்களும் கேட்டோம். அங்கிள் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். 4 வாட்டை 8 ஆக்கினால் 3 டெசிபெல். கேட்கிறவரின் மீற்றரில் ஒரு எஸ் புள்ளி கூட 6 டெசிபெல் வேணும். ஆக இவ்வளவு பாடுபட்டு அரைப் புள்ளி. லிமிட்டரை வெட்டினால் குரல் பிசிறும், பக்கத்து சானல்களிலும் தெறிக்கும், அலையின் மடங்குகளும் பலமாகக் கிளம்பும். 27.185இன் நாலாம் மடங்கு 108.74 மெகாஹேர்ட்ஸ். 108 தொடக்கம் 112 வரையான இடத்தில்தான் விமானத்தை ஓடுபாதைக்கு நேரே கொண்டுவருகிற வழிகாட்டிச் சிக்னல்கள் இருக்கின்றன. இரத்மலானை விமானத்தளம் வெள்ளவத்தையில் இருந்து எவ்வளவு தூரம்? அரைப் புள்ளிக்காக ஆரின் தலையில் கைவைக்கிறோம் என்று யோசிக்கவேண்டும்.

அதே பேப்பரில் இன்னொரு கதையும் சொன்னார். உலகத்தில் 18 இடங்களில் அமெச்சூர் பீக்கன்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஆளுக்கு 10 செக்கன், 3 நிமிஷத்தில் ஒரு சுற்று. 28.200 மெகாஹேர்ட்ஸும் அவற்றின் அலைவரிசைகளில் ஒன்று. அந்தப் பதினெட்டில் கொழும்புக்கும் ஒரு இடம் இருக்கிறது, பெயர் 4எஸ்7பி. ஒவ்வொரு பீக்கனும் தன் பெயரைச் சொல்லிவிட்டு நாலு நீட்டொலி போடும். முதலாவது 100 வாட், பிறகு 10, பிறகு 1, கடைசி 0.1 வாட். வானம் திறந்திருக்கிற நாளில் அந்தக் கடைசி 0.1 வாட்டைக் கடல் தாண்டி இருக்கிறவன் கேட்கிறான். ஒரு சின்ன டோர்ச் பல்ப்பும் அதைவிடக் கூட எரிக்கும். 2024இல் சூரியன் தன் 11 வருஷச் சுற்றின் உச்சத்துக்கு வந்தது. 10 மீற்றருக்கு இது நல்ல காலம். வாட்டைத் தேடுறதை விட்டுவிட்டு நல்ல அன்ரனாவையும் நல்ல காதையும் தேடுங்கோ என்கிறது அவர் கட்சி. 29 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலை ஏறத்தாழ இரண்டரை மீற்றர் வயர். விலை ஒரு கொத்துரொட்டிக் காசு வராது.

அந்த இரண்டரை மீற்றர் வயரில்தான் எங்கட கதை சிக்கினது. கேட்கிறதுக்கு மட்டும் வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட் பல்கனியில் வயர் கட்டலாம் என்று பார்த்தோம். வீட்டுக்கார அம்மா பயங்கரமான ஆள் இல்லை. எங்களுக்குத் தேத்தண்ணி தந்து, வயரைப் பார்த்து, மெல்லமாகச் சொன்னா: “வேண்டாம் பிள்ளையள். ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?” யுத்தம் முடிந்து இவ்வளவு காலம். கேட்கிறது மட்டும்தான் என்று விளங்கப்படுத்தினோம். தலையாட்டினா. வயர் மட்டும் ஏறவில்லை. அவவோடு எங்களுக்குக் கோபமில்லை. அவ கண்ட சோதனைகளை நாங்கள் காணவில்லை. ஆனால் இந்தப் பயம் எதை எங்களிடம் இருந்து எடுத்திருக்கிறது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தெற்கில் போன் லைன்கள் விழுந்தபோது, விக்டர் குணதிலக்க தலைமையில் றேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்கா அமெச்சூர்கள் அம்பாந்தோட்டைக்கு ஆளும் செட்டும் அனுப்பி, கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். அதே நேரம் அந்தமானில், போர்ட் பிளேரில், அமெச்சூர் வானொலி முகாம் ஒன்று நடத்தப் போயிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் தங்கட செட்டுகளை அவசரத் தொடர்புக்குத் திருப்பினார்கள். கார் பற்றரியில் ஓடுகிற பெட்டி, ஒரு வயர், பழகின காது. அவ்வளவுதான் தேவைப்பட்டது. அதே அலை கல்முனையிலும் முல்லைத்தீவிலும் அடித்தது. அந்தக் காலத்தில் அங்கே ஒரு தமிழ் வீட்டில், ஒரு முஸ்லிம் வீட்டில், அப்படி ஒரு பெட்டி வைத்திருக்க ஆருக்குத் துணிவு வந்திருக்கும்?

செட் எங்களிடம் இருந்து பறிக்கப்பட்டது ஒரு பக்கம். அதைத் திருத்துற, சுருதி கூட்டுற கைப்பழக்கமும் கூடவே போனது. கேட்கிற றேடியோவைத் திருத்தினவர்கள் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் எத்தனையோ பேர் இருந்தார்கள். கடைகள் போன் கவர் கடையாகிவிட்டன. மிச்சம் இருக்கிறவர்களின் காது, அங்கிளே சொன்ன மாதிரி, ரிட்டயர் ஆகிக்கொண்டிருக்கிறது. சேர்க்கிட் படம் இணையத்தில் கிடைக்கும். எந்த இடத்தில் கை நிற்கவேண்டும் என்கிறதைப் பக்கத்தில் இருந்துதான் பழகலாம்.

மாத்தின செட் இப்ப அங்கிள் வீட்டு மொட்டைமாடியில் வேலை செய்கிறது. முதல் நாள் ஒரு மணித்தியாலம் இரைச்சல்தான். சுத்தியிருக்கிற எல்இடி பல்ப், போன் சார்ஜர் எல்லாம் தங்கட பங்குக்கு இரைந்தன. பிறகு ஒரு குரல் மேலே வந்தது, ஏறி, மங்கி, திரும்ப ஏறியது. வெளிநாட்டு ஆங்கிலம். அங்கிள் மைக்கை எடுத்து, தன் பெயர்க்குறியைச் சொல்லி, ஊர் எது என்று கேட்டதுக்கு “கொழும்பு” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, “கொட்டாஞ்சேனை” என்றும் சேர்த்தார்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அமெச்சூர் பரீட்சை நடத்துகிறது. நொவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று மூன்று படி. நாங்கள் நாலு பேரும் நொவிஸுக்குப் படிக்கிறோம். கொயிலும் கொண்டென்சரும் எங்களுக்கு இனிப் பயமில்லை. மோர்ஸ் கோட் ஆர்வத்துக்குப் பழகுகிறோம். சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கிளின் மேசையில் ஒரு பழைய ட்ரான்சிஸ்டர் றேடியோவும் ஒரு பின்னல் ஊசியும் இருக்கும். பழக விருப்பமானவர்கள் எங்களிடம் சொல்லுங்கோ. அவருக்கு இரண்டு கதிரை மேலதிகமாகப் போட இடமிருக்கிறது.